உடும்பின் ரத்தத்தில் ஒரு பாசி

போன பங்குனியில் தூத்துக்குடி திரேஸ்புரம் கரைக்கு ஒரு பேராமை வலையோடு வந்து சேர்ந்தது. வலைக்காரத் தாத்தா கத்தியை எடுத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் பேரன் ஆமையின் கழுத்தைத் தடவக் கையை நீட்டினான்.

"ஏலே, தொடாத. அட்டை இருக்கு பாரு."

பையன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். கழுத்து மடிப்பிலும், துடுப்பு உடம்போடு சேரும் குழிவிலும் அரிசி நீளத்துக்கு ஏழெட்டு அட்டைகள். ஒவ்வொன்றின் இரு பக்கமும் சின்னச் சின்னக் குஞ்சங்கள்.

"தாத்தா, இது ஆமையோட ரத்தத்தயா குடிக்குது?"

"பின்ன மோரா குடிக்கும்?"

"அப்ப அந்த ரத்தத்துக்குள்ள யாரு இருக்கா?"

தாத்தா அறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத டீச்சரம்மாகிட்ட கேளு. எனக்கு வலை அறுக்கணும்."

ஆமையை நாலு பேர் சேர்த்துத் தூக்கித் தண்ணீரில் விட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்பு இதே கரையில் ஆமை ரத்தத்தை மருந்தென்று சொல்லிக் கோப்பையில் பிடித்துக் குடித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்காவது அந்தப் பையனின் கேள்வி தோன்றியிருக்குமா தெரியவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தக் குஞ்சம் வைத்த அட்டைக்கு ஓசோபிராங்கஸ் என்று பெயர். குஞ்சங்கள் அதன் செவுள்கள், மூச்சு விடுவதற்கு. அதே பேரினத்தில் குளத்து ஆமைகளின் மேல் வாழும் அட்டையும் ஒன்று உண்டு. அதைத் தேடி நமக்கு எதிர்க்கரையில், இலங்கையில், ஒரு பெண் ஆமை ஆமையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மியூரியல் ராபர்ட்சன் என்று பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர். 1907-ல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது 24. அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் முத்துக்குளிப்பு பெரிய பரபரப்பு. வெள்ளைக்கார விலங்கியலாளர்கள் முத்துச்சிப்பியைப் பிளந்து பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுந்து, சிப்பி அதைச் சுற்றிப் பூசிப் பூசித்தான் முத்து உண்டாகிறது என்று ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் எழுதினார். எல்லா முத்துக்கும் அது பொருந்தாது என்று பிறகு தெரிந்துவிட்டது. ராபர்ட்சன் சிப்பிப் பக்கமே போகவில்லை. ஆமையின் ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்.

என்ன தெரிந்திருக்கும்? முதலில் ஆமையின் சிவப்பணுக்கள். நம் சிவப்பணுவுக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்முடையது கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். உள்ளே உட்கரு கிடையாது. ஆமை, பல்லி, பாம்பு, முதலை எதை எடுத்தாலும் சிவப்பணு முட்டை வடிவத்தில் இருக்கும், நடுவில் கொட்டை மாதிரி உட்கருவும் இருக்கும். (ஒட்டகத்தின் சிவப்பணு மட்டும் முட்டை வடிவில் இருந்தும் கொட்டை இல்லாதது. ஒட்டகம் எதில்தான் ஊரோடு ஒத்துப் போயிருக்கிறது?)

ஆமையின் சிவப்பணு ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் நீளம். நம் உப்பளத்துக் கல் உப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது 3 மில்லிமீட்டர் இருந்தால், அதன் ஒரு விளிம்பில் 150 சிவப்பணுக்களை வரிசையாகப் படுக்க வைக்கலாம். அத்தனை சிறிய அறைக்குள் இன்னொருவர் குடியிருந்தார். சாயத்தில் நீலமாக, நடுவில் ஊதாப் பொட்டு வைத்த ஒரு கதலிப்பழம் மாதிரி. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரையே சுவரோரம் தள்ளிவிட்டு நடுக்கூடத்தில் படுத்துக்கொள்வார், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி அந்த வாழைப்பழம் சிவப்பணுவின் உட்கருவை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு நீட்டிப் படுத்திருந்தது.

அதன் பெயர் ஹீமோகிரிகரைன். முழு உயிரியும் ஒரே ஒரு செல். இந்த வகையை 1885-லேயே கார்கிவ் நகரத்தில் டானிலெவ்ஸ்கி என்பவர் ஐரோப்பியக் குளத்து ஆமையிடம் கண்டிருந்தார். ஆனால் ஓர் ஆமையிடமிருந்து இன்னோர் ஆமைக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது? இலங்கை ஆமைக்கு அந்தப் பதிலைத் தேடியவர் ராபர்ட்சன். அவர் 1910-ல் எழுதியதில் குஞ்ச அட்டை வந்துவிட்டது. அட்டை ரத்தத்தோடு ஒட்டுண்ணியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆண், பெண் என்று பிரிந்து அவை கூடுவது அட்டையின் குடலில்தான். அங்கே பிறக்கும் குஞ்சுகள் அடுத்த ஆமைக்குப் பயணம் போகும். நமக்கு மலேரியாவைக் கொண்டுவருவது கொசு என்றால், ஆமைக்கு இந்த வேலையைச் செய்வது அட்டை.

இனி அந்த வாழைப்பழத்தின் உள்ளே போவோம். ராபர்ட்சனின் நுண்ணோக்கிக்கு எட்டாத இடம் இது. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் செல்களுக்குள் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது.

நம் ஊர்த் தோணியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணி. அது கட்டப்படும்போது போய்ப் பார்த்தால் பலகைக்கு உள்பக்கம் விலாச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். இந்தச் செல்லுக்கும் அப்படித்தான். வெளியே மூன்று அடுக்குத் தோல். தோலுக்கு அடியில், மூக்கிலிருந்து பின்பக்கம் நோக்கி ஓடும் நுண்குழல் சட்டங்கள். எத்தனை சட்டம் என்பது இனத்துக்கு இனம் மாறும். பூனையிடம் வளரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற உறவினருக்கு 22. இந்தச் சட்டங்கள் இருப்பதால்தான் செல் உருண்டையாகச் சுருண்டுவிடாமல் வாழைப்பழமாகவே இருக்கிறது.

முக்கியமான சாமான்கள் எல்லாம் மூக்கில் இருக்கின்றன. இந்த மூக்குக்காகவே 1970-ல் இந்தப் பெரிய குடும்பத்துக்கு ஏப்பிகாம்ப்ளெக்சா என்று பெயர் வைத்தார்கள். நுனியில் கருவிகள் கொண்டவை என்று பொருள் கொள்ளலாம். மலேரியா ஒட்டுண்ணியும் இந்தக் குடும்பம்தான்.

முத்துக்குளிக்கப் போனவர்கள் வெறுங்கையோடு கடலில் இறங்கியதில்லை. சீக்கிரம் கீழே போகக் காலுக்கு ஒரு கல், சிப்பியைப் போட இடுப்பில் ஒரு பை, மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள், தங்கை வாழ்க்கை அவர் கையில் இருக்கிறதே! இந்த ஒருசெல் குளியாளியின் மூக்கிலும் அப்படி ஒரு தயாரிப்பு உண்டு. சில இனங்களில் நுனியில் சுருள் கூம்பு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் குடம் மாதிரி வயிறும் நீண்ட கழுத்தும் கொண்ட பைகள். அவற்றைச் சுற்றி மணிமணியாகச் சின்னப் பைகள். ஆனால் மேலே கயிறு பிடிக்க மச்சான் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும்.

சின்னப் பைகள் முதலில் பசையைக் கக்கும். அது சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொள்ள. பிறகு நடப்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு திருடன் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். கதவில் கைப்பிடி இல்லை. அவன் என்ன செய்கிறான்? தன் பையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அந்தக் கதவில் தானே பொருத்துகிறான். பிறகு அதைப் பிடித்துத் தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறான்! மலேரியா ஒட்டுண்ணியும் டாக்ஸோபிளாஸ்மாவும் இதைத்தான் செய்கின்றன. குடப் பைகளிலிருந்து ஒரு புரதத்தை மற்ற செல்லின் தோலில் செலுத்தி, தன் தோலிலுள்ள இன்னொரு புரதத்தால் அதைப் பற்றிக்கொள்கின்றன. டாக்ஸோபிளாஸ்மா உள்ளே போய்ச் சேர அரை நிமிடம் போதும்.

உள்ளே போக ஒரு தள்ளு வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? இந்தச் செல்லுக்கு இந்தப் பருவத்தில் காலும் இல்லை, துடுப்பும் இல்லை, அமீபா மாதிரி உடம்பை நீட்டிச் சுருக்கவும் தெரியாது. ஆழமில்லாத கழிமுகத்தில் வள்ளத்தைக் கழை ஊன்றித் தள்ளுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னணியத்தில் கழையைத் தரையில் ஊன்றுவார்கள். அதைப் பிடித்தபடியே பின்னணியம் வரை நடப்பார்கள். ஆள் பின்னால் நடக்க நடக்க வள்ளம் முன்னால் போகும். இந்தச் செல்லும் மூக்கருகே பசைப் புரதத்தை ஊன்றுகிறது. தோலடுக்குகளுக்கு நடுவே இருக்கும் சின்ன எந்திரங்கள் அந்தப் புரதத்தைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன. செல் வழுக்கிக்கொண்டு முன்னால் போகிறது. அந்த எந்திரத்தின் உதிரிப்பாகங்கள் ஆக்டினும் மயோசினும். உங்கள் கைச் சதை சுருங்குவதும் அதே இரண்டால்தான்.

ராபர்ட்சனின் தகடுகளில் வேறொரு குடித்தனக்காரரும் இருந்தார். மென்னோட்டு ஆமையின் ரத்தத்தில் டிரிப்பனோசோம் என்ற ஒருசெல் உயிரி. அது செல்லுக்குள் புகாது, ரத்தத்தில் நீந்தும். இலை மாதிரி உடம்பு, ஒரு விளிம்பில் அலைஅலையாகச் சவ்வு, நுனியில் சாட்டை வால். 1909-ல் அவர் அதன் வாழ்க்கையை எழுதினார். பிற்பாடு உகாண்டாவுக்குப் போய், மனிதருக்குத் தூக்க நோய் தரும் டிரிப்பனோசோமை ஆராய்ந்தார். 1947-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களை அந்தச் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

டிரிப்பனோசோம் கூட்டத்தில் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ஒன்று இருக்கிறது. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. ஒற்றைக் கயிறாக இருக்காது. ஆயிரக்கணக்கான குட்டி வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வலைக் கண்ணி மாதிரி பின்னிக் கிடக்கும். இந்த வலையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நிறைய ஒரு பல்லி ஒட்டுண்ணியிடமிருந்து வந்தது. வட ஆப்பிரிக்கப் பல்லியின் லீஷ்மேனியா அது. மனிதருக்கு நோய் தராது என்பதால் ஆய்வுக்கூடங்களில் தைரியமாக வளர்க்கிறார்கள்.

சரி, தலைப்பில் உடும்பு என்று போட்டுவிட்டு ஆமையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உடும்புக்கு வருகிறேன்.

மலேரியா என்றால் மனிதருக்கு வரும் காய்ச்சல் என்றுதான் நினைக்கிறோம். பல்லி வகைகளுக்கு மட்டும் ஏறத்தாழ நூறு மலேரியா இனங்கள் உண்டு. 1972-ல் இலங்கையில் உடும்பின் ரத்தத்திலிருந்து ஒன்றை விவரித்துப் பெயர் வைத்தார்கள், பிளாஸ்மோடியம் கிளெலாண்டி என்று. (பல்லி மலேரியா நமக்குத் தொற்றாது. ஆனால் அதற்காக உடை மரத்தடியில் கிடக்கும் உடும்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். அதுவும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, கடித்தால் விடவும் விடாது.)

சாயம் போட்ட தகட்டில் மலேரியாவை ஹீமோகிரிகரைனிடமிருந்து பிரித்தறிய ஓர் எளிய வழி, பழுப்புப் பொடி. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்னும். தின்றால் இரும்பு கலந்த ஒரு மிச்சம் சேரும். அது அந்த ஒட்டுண்ணிக்கே விஷம். வெளியே துப்ப வழியில்லை. அதனால் நம் உப்பளத்துப் பாத்தியில் உப்பு விளைவதைப் போல, அந்த விஷத்தைத் தன் வயிற்றுப் பைக்குள்ளேயே படிகமாக விளைத்துவிடுகிறது. படிகமாகிவிட்டால் விஷம் வேலை செய்யாது. ஹீமோகிரிகரைனிடம் இந்தப் பழுப்புப் படிகம் இருக்காது.

இந்த மலேரியா செல்லுக்குள் ரொம்ப நாளாக ஒரு புதிர் இருந்தது. உட்கருவில் டி.என்.ஏ. உண்டு, சரி. மைட்டோகாண்ட்ரியாவில் உண்டு, அதுவும் சரி. மூன்றாவதாக ஒரு டி.என்.ஏ. வளையம் கிடைத்தது. வெறும் 35,000 எழுத்துகள். யாருடையது? எழுத்துகளைப் படித்தபோது ஆராய்ச்சியாளர்களுக்கே நம்ப முடியவில்லை. அது செடியின் பசுங்கணிகத்தில் இருக்க வேண்டிய டி.என்.ஏ.

நெல்லின் இலை பச்சையாக இருப்பதும், சூரிய ஒளியில் அது சோறு சமைப்பதும் பசுங்கணிகத்தால். நெல்லின் பசுங்கணிக வளையத்தில் ஏறத்தாழ 1,34,000 எழுத்துகள். உடும்பின் ரத்தத்துக்குள், வெளிச்சமே படாத இருட்டில் கிடக்கும் ஒட்டுண்ணிக்குப் பசுங்கணிகம் எதற்கு? 1996-ல் அந்த வளையம் செல்லின் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு சின்ன அறை. அதற்கு ஏப்பிக்கோபிளாஸ்ட் என்று பெயர். அதைச் சுற்றி நான்கு சவ்வுகள்.

ஏன் நான்கு? பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றி, அந்தப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டு, பையை இன்னொரு பைக்குள் போட்டுத் தருவார்களே, உறைகளை எண்ணினால் எத்தனை கை மாறியது என்று தெரியும். முதலில் ஒளியில் சமைக்கத் தெரிந்த பாக்டீரியா ஒன்றை ஒரு செல் விழுங்கியது, செரிக்காமல் வைத்துக்கொண்டது. அது சிவப்புப் பாசியானது. அந்தப் பாசியை இன்னொரு செல் விழுங்கி, அதுவும் செரிக்காமல் வைத்துக்கொண்டது. விழுங்கியவரின் வம்சம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெயிலை விட்டுவிட்டு மற்ற உயிர்களின் உடம்புக்குள் குடியேறியது. பச்சை நிறம் போனது, அடுப்பு அணைந்தது. ஆனால் சமையலறையை இடிக்கவில்லை. அங்கே இன்றும் சில்லறை வேலைகள் நடக்கின்றன. செல்லுக்குத் தேவையான சில கொழுப்புப் பொருள்களும், ஐசோபிரினாய்டு என்ற மூலப்பொருளும் அந்த அறையில்தான் தயாராகின்றன. அந்த அறை போனால் ஒட்டுண்ணியும் போகும். பாக்டீரியாவைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை மலேரியாவையும் தடுப்பது இந்த அறையைத் தாக்குவதால்தான். உடும்பு, பல்லி மலேரியா இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய, இந்த அறையின் மரபணு ஒன்றையும் ஆராய்ச்சியாளர்கள் அடையாள அட்டையாக வைத்துக்கொள்கிறார்கள்.

அடுப்பு எரிகிற பழைய சமையலறையோடு அந்த வம்சத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். கடலில், பவளத்தில். ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகத்துப் பவளம் ஒன்றிலிருந்து கிடைத்த பழுப்பு நிற ஒருசெல் உயிரியை 2008-ல் குரோமெரா என்று அறிமுகப்படுத்தினார்கள். வெயிலில் சமைத்துச் சாப்பிடும். ஆனால் சொந்தபந்தம் எல்லாம் மலேரியா பக்கம். 2019-ல் வேறொன்று தெரிந்தது. உலகத்தின் பல பவளங்களுக்குள் இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணி ஒன்று குடியிருக்கிறது. அதனிடம் பச்சையம் செய்யும் மரபணுக்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன, ஒளியில் சமைக்கத் தெரியாது. விளக்கை விற்றுவிட்டுத் திரியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் வீடு மாதிரி. அது எதற்கு என்பது இன்னும் புதிர்தான்.

தூத்துக்குடிப் பிள்ளைகள் இதற்காக சிட்னிக்குப் போக வேண்டியதில்லை. நம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாம் பவளத் தீவுகள். அந்தப் பவளங்களுக்குள் குடியிருந்து அவற்றுக்குச் சோறு போடும் பாசியும் இதே பெரிய வம்சத்தின் இன்னொரு கிளை, மலேரியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. 2016 கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப் போனது, அந்தப் பாசி வீட்டை விட்டு வெளியேறியதால்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பையன், "அப்ப முத்துச்சிப்பிக்குள்ளயும் இது இருக்குமா?" என்றான். தாத்தாவின் தாத்தா முத்துப்பாருக்குக் குளிக்கப் போனவர், ரத்தத்தில் வரும் கேள்வி.

இருக்கிறது. 1973-ல் நம் வேப்பலோடையில் அழகர்சாமி என்ற விஞ்ஞானி சிப்பிக்குள் மணி வைத்து முத்து விளைத்துக் காட்டினாரே, அதே இனத்துச் சிப்பி. 2010-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பிகளில், பண்ணைச் சிப்பியிலும் கடலில் தானாக வளர்ந்த சிப்பியிலும், பெர்கின்சஸ் ஓல்செனி என்ற ஒருசெல் ஒட்டுண்ணி இருப்பதை எழுதினார்கள். அதுவும் இந்த வம்சத்தின் ஒரு கிளை. அதன் நீந்தும் குஞ்சுக்கு இரண்டு சாட்டை வால், மூக்கில் முழுதாக மூடாத ஒரு கூம்பு. உள்ளே அந்தப் பழைய சமையலறையின் தடயமும் கிடைத்திருக்கிறது. உடும்பு மலேரியாவாவது 35,000 எழுத்தில் ஒரு கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்திருக்கிறது. பெர்கின்சஸிடம் அதுவும் கிடைக்கவில்லை, வெறும் அறைதான்.